எல்லாச் சோதனையிலும் தேறிய ஹெப்பாரின்: 2007–08 கலப்படம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில், நுண்குழாய்க்குள் மின்னழுத்தம் கொடுத்துப் பொருள்களைப் பிரிக்கும் கேபிலரி எலக்ட்ரோஃபோரசிஸ் கருவி பெரும்பாலும் ஒரு மூலையில்தான் இருக்கும். அன்றாட வேலையெல்லாம், கரைசலை அழுத்தத்தில் செலுத்திப் பொருள்களைப் பிரிக்கும் எச்.பி.எல்.சி.யில் ஓடும். அந்த மூலைக் கருவி உலகம் முழுக்கத் தேடப்பட்ட சில மாதங்கள் 2008-இல் வந்தன. அப்போது நடந்ததைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இங்கே பதிகிறேன். மருத்துவமனை, நிறுவனம், நோயாளிகள் பெயர்கள் வேண்டாம். என்ன பார்த்தார்கள், ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்பதுதான் நமக்குத் தேவை.

பின்னணி

ஹெப்பாரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. 1916-இல் கண்டறியப்பட்டு, 1930களிலிருந்து மனிதர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. டயாலிசிஸ் இயந்திரத்தின் குழாய்களுக்குள் இரத்தம் கட்டிப்போகாமல் ஓட இது வேண்டும். இதய அறுவை சிகிச்சைக்கும் வேண்டும். ஊசி போட்ட நிமிடத்திலேயே வேலை செய்யும், தேவைப்பட்டால் முறிமருந்தும் உண்டு என்பதால் இதற்கு நல்ல மாற்று கிடைப்பது கடினம்.

இது ஒரே மூலக்கூறு இல்லை. நீளம் வேறுபட்ட சர்க்கரைச் சங்கிலிகளின் கூட்டம். சராசரி எடை சுமார் 15,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). சங்கிலி நெடுகச் சல்பேட் தொகுதிகள் ஒட்டியிருக்கும், இரண்டு சர்க்கரை கொண்ட ஓர் அலகுக்குச் சராசரியாக இரண்டரைக்குச் சற்று மேல். எனவே பாராசிட்டமால் போலக் கருவியின் வரைபடத்தில் ஒரு கூர்மையான சிகரத்தைக் காட்டி 'இதுதான் மருந்து' என்று சொல்ல முடியாது. எந்தக் கருவியில் ஓட்டினாலும் அகலமான ஒரு மேடுதான் வரும். கலப்படம் செய்பவருக்கு இதைவிட வசதி ஏது?

மூலப்பொருள் பன்றிக் குடலின் உள்சவ்வு. மாட்டு ஹெப்பாரினும் ஒரு காலத்தில் புழங்கியது. பித்துமாட்டு நோய் அச்சத்தில் 1990களில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக, சுமை முழுவதும் பன்றியின் மேல் விழுந்தது. பன்றி அதிகம் வளர்க்கப்படும் நாடு சீனா. அங்கே சிறு பட்டறைகளில் குடலைச் சுரண்டி, நொதியால் செரிக்கவிட்டு, எதிர்மின் ஏற்றமுள்ள பொருள்களைப் பிசினில் பிடித்து, ஆல்கஹாலில் வீழ்படிவாக்கிக் கச்சா ஹெப்பாரின் எடுப்பார்கள். பல பட்டறைகளின் சரக்கை இடைத்தரகர் ஒன்றாகக் கலப்பார். அதைப் பெரிய ஆலை வாங்கிச் சுத்திகரித்து, ஏற்றுமதி செய்யும். ஒரு குப்பி மருந்துக்குள் எத்தனை பட்டறைகளின் சரக்கு இருக்கிறது என்பதைக் கடைசியில் யாரும் சொல்ல முடியாது.

2006–07-இல் சீனப் பன்றிகளிடையே நீலக்காது நோய் பரவியது. பன்றி குறைந்தது, கச்சா ஹெப்பாரின் விலை ஏறியது. தேவை மட்டும் அப்படியே நின்றது.

அப்போது இருந்த சோதனைகள்

மருந்துகளின் தர விதிகளைத் தொகுக்கும் அமெரிக்க மருந்து நூலான யு.எஸ்.பி. அன்று கேட்ட முக்கியச் சோதனை, மருந்தின் வீரியம். ஆட்டு இரத்தப் பிளாஸ்மாவில் மாதிரியைச் சேர்த்து, கால்சியம் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துக் குழாய்களைச் சாய்த்து எவ்வளவு உறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அத்துடன் நைட்ரஜன் அளவு, ஈரப்பதம், கன உலோகம், பாக்டீரிய நச்சு போன்றவை.

இந்தப் பட்டியலில் ஒரு பொருளை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சோதனை எதுவும் இல்லை. மாதிரி இரத்தம் உறைவதைத் தடுக்கிறதா என்பது கேட்கப்பட்டது. தடுப்பது ஹெப்பாரின் மட்டும்தானா என்று கேட்கப்படவில்லை. இத்தகைய சர்க்கரைச் சங்கிலிகளைக் கேபிலரி எலக்ட்ரோஃபோரசிஸால் பிரிக்கலாம் என்று 1990களிலேயே ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்துவிட்டன. ஆய்விதழில் இருந்த முறை மருந்து நூலுக்கு ஏன் வரவில்லை என்றால், வரவேண்டிய அவசியத்தை யாரும் உணரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கவனிக்கப்பட்டவை

2007 நவம்பரில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகரில், ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் சில நோயாளிகளுக்குத் திடீர் ஒவ்வாமை போன்ற எதிர்வினை வந்தது. இயந்திரத்தில் இணைத்த சிறிது நேரத்திலேயே இரத்த அழுத்தம் இறங்கியது, முகம் வீங்கியது, குமட்டல் வந்தது. டயாலிசிஸில் இப்படி நடந்தால் முதலில் வடிகட்டியின் மேலும் குழாய்களின் மேலும்தான் சந்தேகம் வரும். அவற்றைக் கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடின் மிச்சம் ஒவ்வாமை தரும் என்பது பழைய அனுபவம். அந்தக் கோணத்தில் தேடியதை யாரும் குறை சொல்ல முடியாது.

2008 ஜனவரியில் மறுபடியும் நடந்தது. மாநில சுகாதாரத் துறை வழியாகத் தகவல் மத்திய நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.க்குப் போனது. அவர்கள் மற்ற மாநிலங்களின் டயாலிசிஸ் நிலையங்களை விசாரித்தபோது, இது ஓர் ஊர்ப் பிரச்சினை இல்லை என்று தெரிந்தது. பின்னர் வெளியான ஆய்வின்படி 2007 நவம்பர் 19 முதல் 2008 ஜனவரி 31 வரை 13 மாநிலங்களில் 113 நோயாளிகளிடம் ஹெப்பாரினோடு தொடர்புள்ள 152 எதிர்வினைகள். பாதியளவில் இரத்த அழுத்த வீழ்ச்சி. பெரும்பாலும் மருந்து ஏறிய அரை மணி நேரத்துக்குள்.

இயந்திரம், வடிகட்டி, குழாய், மருந்து என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். எதிர்வினை நடந்த நிலையங்கள் அனைத்திலும் ஒரே நிறுவனத்தின் ஹெப்பாரின் இருந்தது. எதிர்வினை இல்லாத ஒப்பீட்டு நிலையங்களில் அது 4.3 சதவீதத்தில்தான் இருந்தது. எந்தக் கருவியும் மாசைக் காட்டுவதற்கு முன்பே பேனாவும் கேள்வித்தாளும் குற்றவாளியை இந்த அளவுக்கு நெருங்கிவிட்டன.

முதல் முடிவுகள்: திரும்பப் பெறுவதா, விட்டுவைப்பதா

ஜனவரி 17 அன்று நிறுவனம் ஒன்பது உற்பத்தித் தொகுதிகளைத் திரும்பப் பெற்றது. எதிர்வினைகள் நிற்கவில்லை. பிப்ரவரியில், ஒரே குப்பியிலிருந்து பலமுறை மருந்து எடுக்கும் வகைக் குப்பிகளின் உற்பத்தியை நிறுத்தியது.

இங்கேதான் கடினமான முடிவு ஒன்று. சந்தையில் இருந்த சரக்கை உடனே முழுவதுமாக எடுத்துவிடலாமே என்று இன்று கேட்பது எளிது. அந்த நிறுவனம் அமெரிக்காவின் தேவையில் ஏறத்தாழப் பாதியை வழங்கிக்கொண்டிருந்தது. ஹெப்பாரின் இல்லாமல் டயாலிசிஸும் இதய அறுவையும் நின்றால் அதிலும் உயிர் போகும். எனவே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., வேறு சரக்கு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் குறைந்த அளவில், மெதுவாக ஏற்றுங்கள், ஒவ்வாமை மருந்தை முன்கூட்டியே தருவது பற்றி யோசியுங்கள் என்று சொல்லி, இருந்த சரக்கை விட்டுவைத்தது. இன்னொரு உற்பத்தியாளர் தேவையை ஈடுகட்ட முடியும் என்று உறுதியான பிறகுதான் பிப்ரவரி 28-இல் ஏறக்குறைய எல்லாமும் திரும்பப் பெறப்பட்டது. எனக்கு அந்த முடிவு சரி என்றே படுகிறது. அந்த இடைவெளியில் யாருக்காவது எதிர்வினை வந்திருந்தால் அவர் குடும்பத்துக்கு இது சரியாகப் பட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதே சமயத்தில் இன்னொரு விஷயம் வெளிவந்தது. மூலப்பொருளைச் சுத்திகரித்த சீன ஆலையை எஃப்.டி.ஏ. அதற்கு முன் நேரில் ஆய்வு செய்ததே இல்லை. ஒத்த பெயருள்ள இன்னோர் ஆலையோடு பதிவேட்டில் குழப்பிக்கொண்டு அனுமதி கொடுத்திருந்தார்கள்.

ஆய்வகத்தில்: மேட்டுக்கு முன்னால் ஒரு மேடு

சந்தேகத் தொகுதிகளை வழக்கமான சோதனைகளில் போட்டால் எல்லாம் தேறின. வீரியம் சரி. நச்சு இல்லை. புரதம் இல்லை. 'எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் நோயாளிக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்ற நிலை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலி. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன கேட்பது என்பதுதான் தெரியாது.

எனவே மருந்து நூலுக்கு வெளியே போய், காந்தப்புலத்தில் அணுக்கள் தரும் சமிக்ஞையால் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர்., கேபிலரி எலக்ட்ரோஃபோரசிஸ் என்ற இரண்டையும் கையில் எடுத்தார்கள். எஃப்.டி.ஏ.யின் மருந்துப் பகுப்பாய்வு ஆய்வகமும் அதே செயின்ட் லூயிஸ் நகரில்தான் இருந்தது என்பது ஒரு தற்செயல்.

இந்த இரண்டாவது கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் இதயம் ஒரு சிலிக்கா நுண்குழாய். உட்துளை பெரும்பாலும் 25 முதல் 75 மைக்ரோமீட்டர். மேலே பழுப்பு நிற பாலிமைடு பூச்சு. அந்தப் பூச்சு இருக்கும்வரை குழாயைச் சுருட்டலாம், வளைக்கலாம். ஒளி ஊடுருவ ஓரிடத்தில் சில மில்லிமீட்டர் பூச்சை லைட்டர் சுடரில் எரித்து, ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். அந்த இடம் வெறும் கண்ணாடி, தவறிப்போய் விரல் பட்டாலே ஒடியும். குழாயின் இரு முனைகளும் பஃபர் (அமில அளவு மாறாமல் வைக்கும் கரைசல்) குப்பிகளில் மூழ்கியிருக்க, சில நானோலிட்டர் மாதிரியை உள்ளே தள்ளி, 10 முதல் 30 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்தால், ஒவ்வொரு பொருளும் தன் மின் ஏற்றத்துக்கும் பருமனுக்கும் ஏற்ற வேகத்தில் ஓடும்.

ஹெப்பாரினுக்கு இது ஏன் பொருந்தியது? பஃபரின் பி.எச். மதிப்பை 3-க்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, குழாயின் உட்சுவர் ஏற்றத்தை இழப்பதால், திரவம் மொத்தமாக ஒரு பக்கம் நகரும் ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். இரண்டு, சங்கிலியில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளின் ஏற்றம் குறைந்து, சல்பேட்டின் ஏற்றம் மட்டுமே வலுவாக நிற்கும். மின்முனைகளை வழக்கத்துக்கு மாற்றிப் போட்டு, நேர்முனை இருக்கும் பக்கத்தில் காத்திருந்தால், சல்பேட் அடர்த்தி அதிகமுள்ளது முதலில் வந்து சேரும்.

நல்ல ஹெப்பாரினில் ஓர் அகலமான மேடு. பன்றிக் குடலிலிருந்தே வரும், ஹெப்பாரினின் உறவுப் பொருளான டெர்மட்டன் சல்பேட் எச்சம் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு சிறு மேடு. அதற்குச் சல்பேட் குறைவு, எனவே தாமதம். சுத்திகரிப்பு சரியாக நடக்கவில்லை என்றால் அந்தப் பின்மேடு பெரிதாகும். இது பழக்கமான அசுத்தம்தான்.

சந்தேகத் தொகுதிகளில் ஹெப்பாரினுக்கு முன்னால் ஏதோ வந்தது. இதுதான் உறைக்க வேண்டிய இடம். உயிரி மூலத்திலிருந்து வரும் இந்தக் குடும்பத்தில் ஹெப்பாரின்தான் அதிகச் சல்பேட் கொண்டது. அதை முந்திக்கொண்டு ஓடும் எச்சம் ஒன்று குடலிலிருந்து வர வழியில்லை. அப்படியானால் யாரோ வேதியியல் முறையில் சல்பேட் ஏற்றியிருக்க வேண்டும். மேட்டின் உயரத்தைவிட, அது மேட்டுக்கு எந்தப் பக்கம் நின்றது என்பதுதான் அதிகம் பேசியது.

என்.எம்.ஆர்.ரும் அதையே சொன்னது. அதன் வரைபடத்தில், ஹெப்பாரினில் உள்ள அசிட்டைல் என்ற சிறு பகுதியின் சமிக்ஞை 2.04 பி.பி.எம். (அந்த வரைபடத்தின் அளவுகோல்) அருகிலும் டெர்மட்டனுடையது 2.08 அருகிலும் வரும். இங்கே 2.15 அருகில் மூன்றாவது ஒன்று நின்றது.

வெளியிடுவது என்ற முடிவு

மார்ச் 5-ஆம் தேதி எஃப்.டி.ஏ., மாசு மருந்தின் எடையில் 5 முதல் 20 சதவீதம் வரை இருக்கிறது என்று அறிவித்தது. மறுநாளே இரண்டு சோதனை முறைகளையும் பொதுவில் போட்டது. பொருள் என்னவென்று அப்போது முழுமையாகத் தெரியாது. பெயர் தெரியாத ஒன்றுக்கான சோதனையை, முழுச் சரிபார்ப்பு முடியாமலேயே உலகத்துக்குக் கொடுத்தார்கள். வழக்கமாக மருந்து நூலில் ஒரு முறையை மாற்ற ஆண்டுக்கணக்கில் ஆகும். இந்த வேகத்தால் மற்ற நாடுகளும் உடனே தங்கள் சரக்கைச் சோதிக்க முடிந்தது. முடிவில் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் மாசுபட்ட ஹெப்பாரின் பிடிபட்டது. ஜெர்மனியில் வேறு நிறுவனத்தின் மருந்திலும் எதிர்வினைகள் வந்திருந்தன. ஒரு நிறுவனத்தின் பிழை என்ற எண்ணம் அதோடு போயிற்று.

மார்ச் 19-இல் பெயர் வந்தது. அதிசல்பேட்டேற்றிய காண்ட்ராய்டின் சல்பேட், சுருக்கமாக ஓ.எஸ்.சி.எஸ். மூட்டுவலிக்குச் சத்து மாத்திரையாக விற்கும் காண்ட்ராய்டின், ஹெப்பாரினைவிடப் பல மடங்கு மலிவு. அதில் வேதியியல் முறையில் சல்பேட் ஏற்றி, ஓர் இரட்டைச் சர்க்கரை அலகுக்கு நான்கு என்ற நிலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இயற்கையில் இது கிடையாது. ஹெப்பாரினை வெட்டும் நொதிகள் இதைத் தொடவில்லை. அதை வைத்தே ஹெப்பாரினைச் செரித்துவிட்டு மாசைத் தனியே எடுத்து அடையாளம் கண்டார்கள்.

ஆட்டுப் பிளாஸ்மா சோதனை ஏன் ஏமாந்தது என்பதும் விளங்கியது. ஓ.எஸ்.சி.எஸ்.ஸுக்கும் இரத்த உறைவைத் தடுக்கும் குணம் ஓரளவு உண்டு. அது ஹெப்பாரின் போல ஆன்டித்ராம்பின் என்ற இரத்தப் புரதம் வழியாக வேலை செய்யாமல், இன்னொரு துணைக்காரணி வழியாக, உறையவைக்கும் நொதியான த்ராம்பினைத் தடுக்கிறது. இரத்தம் உறைந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சோதனைக்கு வழி எது என்பது தெரியாது.

உயிரியல் பக்கம்

மாசு இருக்கிறது, நோயாளிக்கு எதிர்வினை வருகிறது என்ற இரண்டையும் இணைக்க இன்னொரு படி தேவைப்பட்டது. எது எந்தத் தொகுதி என்று சொல்லாமல் மாதிரிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். மனிதப் பிளாஸ்மாவில் ஓ.எஸ்.சி.எஸ். பன்னிரண்டாம் உறைவுக் காரணியைத் தூண்டி, கல்லிக்ரைன் என்ற நொதி வழியாக, இரத்தக் குழாயை விரிக்கும் பிராடிகினினை உருவாக்குகிறது. கூடவே சி3ஏ, சி5ஏ என்ற அழற்சிப் பொருள்களையும். இரத்தக் குழாய் விரிவதும் அழுத்தம் இறங்குவதும் அதனால்தான். பன்றிகளுக்குச் செலுத்தியபோதும் அதே விளைவு. ஏப்ரலில் இது வெளியானது. அந்த மாதம் எஃப்.டி.ஏ. சொன்ன எண்ணிக்கை 81 மரண அறிக்கைகள். ஒவ்வொன்றும் மாசால்தான் நிகழ்ந்தது என்று நிறுவப்பட்டதல்ல. ஹெப்பாரின் பெறுபவர்களில் பலர் ஏற்கெனவே கடும் நோயாளிகள்.

மாசைக் கலந்தது யார், விநியோகச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் என்பது பொதுவெளியில் இன்றுவரை நிறுவப்படவில்லை.

அப்புறம் நடந்தது: கருவிக்கு வந்த இடமும் போன இடமும்

2008 ஜூனில் யு.எஸ்.பி. தன் ஹெப்பாரின் பக்கத்தைத் திருத்தி என்.எம்.ஆர்., கேபிலரி எலக்ட்ரோஃபோரசிஸ் இரண்டையும் கட்டாய அடையாளச் சோதனைகளாக்கியது. உடனே நடைமுறைச் சிக்கல்களும் வந்தன. முதலில் வெளியிட்ட முறையில் ஓ.எஸ்.சி.எஸ். மேடும் ஹெப்பாரின் மேடும் முழுதாகப் பிரியவில்லை. மாசு நிறைய இருந்தால் தெளிவாகத் தெரியும். ஒரு சதவீதத்தை நெருங்கினால் ஹெப்பாரின் மேட்டின் முன்சரிவில் ஒரு தோள் போல ஒட்டிக்கொண்டு நிற்கும். அது தோளா, வரைபடத்தின் அடிக்கோட்டில் வழக்கமாக வரும் அலையா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

இதைச் சரிசெய்யப் பல குழுக்கள் வேலை செய்தன. பஃபரின் அடர்த்தியைக் கூட்டினால் மேடுகள் கூர்மையாகின்றன. ஆனால் மின்னோட்டம் ஏறிக் குழாய் சூடாகும். சூட்டைச் சமாளிக்க மெல்லிய குழாய்க்குப் போனால் ஒளி கடக்கும் தூரம் குறைந்து சமிக்ஞை மெலியும். ஹெப்பாரினோ புற ஊதாக் கதிரை 200 நானோமீட்டர் பக்கத்தில்தான், அதுவும் சோம்பலாக, உறிஞ்சும். எனவே மாதிரியை அடர்த்தியாகப் போட வேண்டும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும். கடைசியில் 1 சதவீதத்துக்கும் மிகக் கீழே ஓ.எஸ்.சி.எஸ்.ஸைக் காட்டும் நல்ல முறைகள் வந்தன.

வந்தும் பயனில்லை. 2009 அக்டோபரில் யு.எஸ்.பி. அடுத்த திருத்தத்தில் கேபிலரி முறையை நீக்கிவிட்டு, எதிர்அயனிப் பரிமாற்ற எச்.பி.எல்.சி.யை வைத்தது. அதுவும் ஏற்ற அடர்த்தியை வைத்தே பிரிக்கிறது. ஓ.எஸ்.சி.எஸ். அதில் கடைசியாக வரும், வரிசை தலைகீழ். எந்த ஆய்வகத்திலும் எச்.பி.எல்.சி. உண்டு, ஆள் உண்டு, வெவ்வேறு இடங்களில் ஓட்டினாலும் முடிவு ஒத்துப்போகும். கேபிலரி பிரியனாக எனக்கு வருத்தம்தான். முடிவு நியாயமானது.

அதே திருத்தத்தில் ஆட்டுப் பிளாஸ்மா சோதனையும் போயிற்று. குறிப்பிட்ட உறைவுக் காரணிகளை ஹெப்பாரின் எவ்வளவு தடுக்கிறது என்று நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை அந்த இடத்துக்கு வந்தது. பத்தாம் காரணியைத் தடுப்பதற்கும் இரண்டாம் காரணியைத் தடுப்பதற்கும் உள்ள விகிதம் 0.9-க்கும் 1.1-க்கும் இடையில் இருக்க வேண்டும். கேலக்டோசமின் என்ற சர்க்கரைக்கும் 1 சதவீத வரம்பு வைத்தார்கள். காண்ட்ராய்டின் குடும்பத்தில் எது கலந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். வீரிய அலகுகள் உலக அளவோடு இணைக்கப்பட்டதால், ஓர் அலகு அமெரிக்க ஹெப்பாரினின் வீரியம் சுமார் 10 சதவீதம் குறைந்தது. மருத்துவர்களுக்குத் தனியாக எச்சரிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று.

இன்று செய்தால் எதை மாற்றுவது

சோதனையின் இடத்தை மாற்றுவேன். 2008-இல் கருவி பேசியது முடிந்த மருந்தில், அதுவும் நோயாளிகள் பாதிக்கப்பட்ட பிறகு. பல பட்டறைகளின் சரக்கு ஒன்றாகக் கலந்த பின் 10 சதவீத மாசு என்பது, ஒரு பட்டறையில் 50 சதவீதமாக இருந்திருக்கலாம். அந்தப் பட்டறையின் மூட்டையிலேயே ஓட்டியிருந்தால் தோளா அலையா என்ற வழக்கே வந்திருக்காது. எஃப்.டி.ஏ. 2013-இல் வெளியிட்ட கச்சா ஹெப்பாரின் கண்காணிப்பு வழிகாட்டியும், ஒவ்வொரு கச்சாத் தொகுதியையும் கலப்பதற்கு முன்பே ஓ.எஸ்.சி.எஸ்.ஸுக்குச் சோதிக்கச் சொல்கிறது.

இரண்டாவது, தேர்ச்சி-தோல்வி என்று மட்டும் பதியாமல் வரைபடங்களை அடுக்கி வைத்துப் பார்ப்பது. மேட்டின் அகலம், வந்து சேரும் நேரம், முன்சரிவின் வடிவம் எல்லாம் தொகுதிக்குத் தொகுதி மெல்ல நகர்ந்தால், அதைத் தேர்ச்சிக் கட்டத்தில் இடும் டிக் காட்டாது. கேபிலரியில் வந்து சேரும் நேரம் குழாயின் சுவர் நிலையைப் பொறுத்து நாளுக்கு நாள் கொஞ்சம் ஆடும். எனவே தெரிந்த ஹெப்பாரினையும், அதில் சிறிது ஓ.எஸ்.சி.எஸ். கலந்ததையும் ஒவ்வொரு வரிசையிலும் கூடவே ஓட்டுவது கட்டாயம். நேரத்தை மட்டும் நம்பினால் வீண் சண்டைதான் மிஞ்சும்.

மூன்றாவது, இந்தச் சோதனைகளால் பார்க்க முடியாத ஒன்று. எலக்ட்ரோஃபோரசிஸ் ஏற்றத்தைப் பார்க்கிறது, எந்த விலங்கு என்று அதற்குத் தெரியாது. கச்சா சரக்கில் மாட்டு ஹெப்பாரின் கலந்திருக்கிறதா என்று பார்க்க டி.என்.ஏ. சோதனையான பி.சி.ஆர். வேண்டும். அதையும் கச்சா நிலையிலேயே செய்தாக வேண்டும். ஆக்சிஜனேற்றி வெளுத்துச் சுத்திகரித்த பிறகு சோதிக்கப் போதிய டி.என்.ஏ. மிஞ்சாது.